அறுபத்தெட்டு வயதில், மலைநாட்டில், அடுத்த கார் எது?

தலவாக்கலைப் பக்கம் குடியிருக்கும் ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர் ஒருவர் கேட்டிருக்கிறார். வயது 68. மனைவியும் ஓய்வுபெற்ற டீச்சர். இப்போது வைத்திருப்பது மெனுவல் கியர் உள்ள நிசான் சனி எஃப்.பி. 13, நம் ஊரில் 'டொக்டர் சனி' என்று சொல்வோமே, அதுதான். இடது முழங்கால் வலியால் கிளச் மிதிக்க முடியவில்லை. வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை டவுன், மாதத்துக்கு ஒரு முறை கண்டியில் கிளினிக், வருடத்தில் ஓரிரு முறை கொழும்பில் மகள் வீடு. மெயின் ரோட்டிலிருந்து வீட்டுக்குக் கொஞ்ச தூரம் தோட்டத்து ரோடு. மகள் ஹொண்டா வெசல் வாங்கச் சொல்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் சுசுகி வேகன் ஆர் என்கிறார். வெளிநாட்டிலிருக்கும் மகனுக்கு எலெக்ட்ரிக் கார்தான் சரியாகப் படுகிறது. "இதற்குப் பிறகு இன்னொரு கார் வாங்கப் போவதில்லை, அதனால் யோசித்துச் செய்ய வேண்டும்" என்று முடித்திருக்கிறார்.

ஐயா, மலையகத்தில் நீண்ட காலம் கராஜ் நடத்தியவன் என்ற முறையில் என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஹைபிரிட் (பெற்றோலும் பற்றரி மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் வகை) இல்லாத, ஓட்டோ கியர் உள்ள, 1500 சிசி டொயோட்டா ஒன்றைப் பாருங்கள். கொரொல்லா 121 அல்லது அக்ஸியோ 141. உட்கார்ந்து எழும்புவதற்கு அது பதிவாக, அதாவது உயரம் குறைவாகப் பட்டால் டொயோட்டா பஸ்ஸோ அல்லது விட்ஸ். வேகன் ஆர் மூன்றாவது. வெசலும் பழைய எலெக்ட்ரிக் காரும் உங்களுக்கு வேண்டாம். ஏன் என்பதை விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல கார் கைக்கு வரும்போது அது நான் சொன்ன மொடலாக இல்லாமலும் போகலாம். எதைப் பார்த்து முடிவெடுப்பது என்று தெரிந்தால் நீங்களே தீர்மானித்துக்கொள்வீர்கள்.

கார் வாங்க வரும் எல்லோரும் "ஏற்றம் இழுக்குமா?" என்றுதான் கேட்பார்கள். இறக்கத்தைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. ஏற்றத்தில் இழுக்காத கார் மெதுவாகப் போகும், அவ்வளவுதான். இறக்கத்தில் நிற்காத கார் ஆளைக் கொன்றுவிடும். நானுஓயா–ரதெல்ல குறுக்கு வீதி உங்களுக்குத் தெரியாததல்ல. 2023 ஜனவரியில் 7 பேர் இறந்த விபத்து அங்கேதான் நடந்தது. அந்தச் சரிவில் கனரக வாகனங்களை ஏன் விடுவதில்லை என்பதும் தெரியும். சின்னக் காருக்கும் அதே விதிதான், அளவுதான் வேறு.

இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் காரின் வேகமெல்லாம் டிஸ்க்கில் சூடாக மாறுகிறது. அந்தச் சூடு பிரேக் ஒயிலுக்கு ஏறும். டொட் 3 வகை ஒயில் புதிதாக இருக்கும்போது 205 பாகை வரை கொதிக்காது. ஆனால் அந்த ஒயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும் சுபாவம் உடையது. ஈரம் ஏறிய பிறகு 140 பாகையிலேயே கொதிக்கத் தொடங்கலாம். கொதித்தால் குழாய்க்குள் ஆவி சேரும், பெடல் அடிவரை போகும், கார் நிற்காது. வருடத்தில் பாதி நாள் மழையும் மூடுபனியுமாக இருக்கும் நம் பக்கத்தில் பிரேக் ஒயிலை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை முழுக்க மாற்ற வேண்டும். குறைந்தால் ஊற்றுவது மாற்றுவதாகாது. புதுக் கார் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை இதுதான்.

மெனுவலில் இத்தனை வருடமும் இரண்டாம் கியரைப் போட்டு இறங்கியிருப்பீர்கள். ஓட்டோவிலும் அதே வேலையைச் செய்ய வழி இருக்கிறது. கொரொல்லா 121 இல் பழைய நான்கு கியர் ஓட்டோ. லீவரில் 2 என்றும் எல் என்றும் இருக்கும். சி.வி.டி., அதாவது தனித்தனிக் கியர் இல்லாமல் பெல்ட்டில் ஓடும் ஓட்டோ உள்ள கார்களில் எஸ், பி (B), எல் என்று மொடலுக்கு மொடல் மாறும். ரம்பொடையிலோ கினிகத்தேனையிலோ இறங்கும்போது சாதாரணமாக ஓட்டும் டி-யில் விட்டுவிட்டு பிரேக்கோடு மல்லுக்கட்டக் கூடாது, லீவரைக் கீழே இழுக்க வேண்டும். எஞ்சின் சத்தம் சட்டென்று கூடும். ஓட்டோவுக்குப் புதிதாக வருகிறவர்கள் அதைக் கேட்டுப் பயந்து மறுபடி டி-க்குப் போய்விடுகிறார்கள். பயப்பட ஒன்றுமில்லை, அந்தச் சத்தம்தான் உங்கள் பிரேக்கைக் காப்பாற்றுகிறது. இன்னொன்று: பெற்றோல் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்கும் பழைய பழக்கம் நம் ஆட்களிடம் உண்டு. இப்போதைய இன்ஜெக்ஷன் எஞ்சின்கள் கியரில் இறங்கும்போது பெற்றோலை அநேகமாக முழுதாகவே நிறுத்திவிடும். நியூட்ரலில்தான் எஞ்சின் அணையாமலிருக்கப் பெற்றோல் போகும். ஆக மிச்சமும் இல்லை, எஞ்சின் பிடியும் இல்லை.

இனி வெசல். அது கெட்ட கார் அல்ல. ஆனால் 2013 இல் வந்த ஃபிட் ஹைபிரிட்டிலும் அதே கால வெசல் ஹைபிரிட்டிலும் ஹொண்டா வைத்த கியர் பெட்டி இரட்டைக் கிளச் வகை. சாதாரண ஓட்டோவில் எஞ்சினுக்கும் கியருக்கும் இடையில் ஒயில் வேலை செய்யும். இதில் உலர்ந்த கிளச் தட்டுகள்தான். வாகன நெரிசலில் ஏற்றத்தில் ஊர்ந்து போகும்போது அந்தத் தட்டுகள் பாதி பிடித்தும் பாதி வழுக்கியும் சூடாகும். மீட்டரில் சூட்டு எச்சரிக்கை வரும், வண்டியை ஓரம் கட்டிக் காத்திருக்க வேண்டும். ஜப்பானிலேயே அந்தக் கியர் பெட்டியின் மென்பொருளுக்காக அந்தக் கார்களைத் திரும்ப அழைத்தார்கள். சமதரையில் பழுதில்லாமல் ஓடுகிற அதே கார் சீசன் நாளில் நுவரெலியா ஏற்றத்தில் படும் பாடு வேறு. முழங்கால் வலியோடு ஒரு மனிதர் மழையில் வண்டியை நிறுத்தி போனட்டைத் திறந்துகொண்டு நிற்கும் நிலை வரக் கூடாது என்பதால்தான் வேண்டாம் என்கிறேன். மகளிடம் இந்தக் காரணத்தைச் சொல்லுங்கள், புரிந்துகொள்வார்.

வேகன் ஆர் பற்றிப் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. கதவு அகலம், கூரை உயரம், சீட் உயரம். வயதானவர்கள் ஏறி இறங்க அதைவிட வசதியான சின்னக் கார் கிடைப்பது கஷ்டம். ஆனால் அது ஜப்பானின் 660 சிசி வரம்புக்குள் கட்டின கார். டர்போ இல்லாத எஞ்சினுக்கு 52 குதிரைவலு. கடல் மட்டத்தில் சொல்லும் கணக்கு அது. உயரம் ஏற ஏறக் காற்று மெலியும், டர்போ இல்லாத எஞ்சின் ஆயிரம் மீற்றருக்குப் பத்து வீதம் மாதிரி வலுவை இழக்கும். நுவரெலியா 1868 மீற்றர். அங்கே போய்ச் சேரும்போது அந்த 52 ஏறக்குறைய 42 ஆகியிருக்கும். இரண்டு பேர் மட்டும் போனால் சமாளிக்கும். மகளும் பேரப்பிள்ளைகளும் பெட்டிகளும் ஏறினால் வட்டவளை ஏற்றத்தில் எஞ்சின் கத்திக்கொண்டே வரும், பின்னால் வரும் பஸ்காரர் ஹோர்ன் அடிப்பார், நீங்கள் பதற்றப்படுவீர்கள். 1500 சிசி கொரொல்லாவுக்கு 109 குதிரைவலு. உயரத்தில் இருபது வீதம் போனாலும் கையில் நிறைய மிச்சம் இருக்கும். பஸ்ஸோ, விட்ஸ் ஆகியவற்றின் ஆயிரம் சிசி எஞ்சினுக்கு 70 இக்குக் கிட்ட; அது நடுத்தரம்.

வேகன் ஆர் வாங்குவதென்றே முடிவானால் ஒரு விஷயத்தைப் பாருங்கள். அதில் கைப்பிரேக் கையில் இல்லை, இடது காலால் மிதிக்கும் பெடல். கிளச்சிலிருந்து தப்பிக்கப் போய், ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் அதே வலிக்கிற காலால் அழுத்த வேண்டி வரும். வாங்குவதற்கு முன் சரிவில் நிறுத்திப் பல தடவை மிதித்துப் பாருங்கள். தாங்கினால் சரி.

ஹைபிரிட் பற்றிக் கணக்காகவே பேசலாம். உங்கள் ஓட்டத்தை மாதம் 400 கிலோமீற்றர் என்று வைத்துக்கொள்வோம். மலையில் ஓட்டோ கொரொல்லா லீட்டருக்குப் பத்து, டொயோட்டாவின் ஹைபிரிட்டான அக்வா இருபது என்றால் ஒன்றுக்கு 40 லீட்டர், மற்றதற்கு 20. மாதம் 20 லீட்டர் மிச்சம். அதை ரூபாயாக்கி, ஒரு ஹைபிரிட் பற்றரி மாற்ற ஆகும் செலவோடு வைத்துப் பாருங்கள். தினமும் நூறு கிலோமீற்றர் ஓடுகிற ஒருவருக்கு அக்வா பணத்தைத் திருப்பித் தரும். வாரத்தில் பாதி நாள் கராஜில் நிற்கும் காருக்கு அப்படியல்ல. ஓடாமல் நின்றால் ஹைபிரிட் பற்றரிகள் மெல்ல மெல்ல இறங்கும், வயதான செல்கள் முதலில் விழும். அக்வாவின் பற்றரி பின் சீட்டுக்குக் கீழே இருக்கிறது, அதைக் குளிர வைக்கும் காற்றுத் துளை சீட்டின் ஓரத்தில். அதன் மேல் பையையோ சாக்கையோ வைத்து அடைத்து, தூசி உறைந்து, பற்றரி சூடாகிச் செத்த கார்கள் நிறையக் கராஜுக்கு வரும். வாங்குகிறவர்கள் அந்த ஃபில்டரைக் கழற்றிப் பார்க்க வேண்டும். பெற்றோல் விலையையும் 2022 இல் கியூ.ஆர். பாஸோடு வரிசையில் நின்றதையும் நினைத்து ஹைபிரிட்டுக்கு ஆசைப்படுவது புரிகிறது. உங்கள் ஓட்டத்துக்கு அந்த ஆசை செலவுதான்.

எலெக்ட்ரிக் காரை மகன் சொன்னது அன்பினால். இறக்கத்தில் மோட்டாரே பிரேக் மாதிரி பிடித்துப் பற்றரியை நிரப்பும் என்பது மலைக்கு நல்ல குணம்தான். புதுக் கார் வாங்கப் பணமிருந்து, வீட்டில் சார்ஜ் போட வசதியிருந்து, கண்டிக்கு மேல் போவதில்லை என்றால் யோசிக்கலாம். ஆனால் மலிவாகக் கிடைக்கிறதென்று பழைய நிசான் லீஃப் வாங்கக் கூடாது. முதலில் வந்தவற்றில் 24 கிலோவாட் மணி பற்றரி. அதைக் குளிர வைக்க தனி அமைப்பு எதுவும் இல்லை, வருடங்கள் போகப் போகக் கொள்ளளவு குறையும். டாஷில் 12 கோடுகள் இருக்க வேண்டியது எட்டாகவோ ஏழாகவோ நிற்கும். ஒன்றரை டன் காரைக் கொழும்பிலிருந்து தலவாக்கலை உயரத்துக்கு, கிட்டத்தட்ட 1200 மீற்றர் தூக்குவதற்கு மட்டும் ஐந்து கிலோவாட் மணிக்கு மேல் போகும். தூரத்தை ஓடிக் கடக்க வேண்டிய மின்சாரம் அதற்கு மேலதிகம். தேய்ந்த பற்றரியில் கித்துல்கலையோடு கணக்கு முடிந்துவிடும்.

அடுத்தது உங்கள் உடம்பு. பலர் இதைக் கடைசியாகப் பார்க்கிறார்கள், நான் இதை முதலில் பார்க்கச் சொல்வேன். வீட்டில் கைப்பிடிக்காமல் எழும்ப முடிகிற நாற்காலி ஒன்று இருக்கும் அல்லவா, தரையிலிருந்து அதன் இருக்கை எவ்வளவு உயரம் என்று டேப்பால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். கார் பார்க்கப் போகும்போது டேப்பையும் கொண்டுபோய், சீட்டின் வெளி ஓரம் தரையிலிருந்து எவ்வளவு என்று அளந்து பாருங்கள். அதைவிட நிறையப் பதிவாக இருந்தால் ஐந்து வருடம் கழித்து அந்தக் காரில் ஏற முடியாது. சீட்டைத் தூக்கும் லீவர் இருக்கிறதா என்று பாருங்கள், பல ஜப்பான் கார்களில் டிரைவர் பக்கம் இருக்கும். கட்டாயம் டீச்சர் அம்மாவையும் கூட்டிப் போங்கள். முதுகைக் காட்டி உட்கார்ந்து, இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்புவதற்குக் கதவடியில் இடம் போதுமா, குடையும் பையும் கையில் இருக்கும்போது எழும்ப முடிகிறதா என்று அவர்தான் சொல்ல வேண்டும். டெரியோஸ், ஜிம்னி மாதிரி உயரமான வண்டிகள் தோட்டத்து ரோட்டுக்கு அருமை. ஆனால் முழங்கால் வலிக்காரர் ஒவ்வொரு முறையும் படியேறுவது மாதிரி ஏற வேண்டும். அதனால்தான் அவற்றை நான் சொல்லவில்லை.

கழுத்து திருப்பச் சிரமம் இருந்தால் ரிவர்ஸ் கெமரா போட்டுக்கொள்ளுங்கள், பழைய காருக்கும் பொருத்தலாம். முன் கண்ணாடியின் இரண்டு பக்கத் தூண்களையும் கவனியுங்கள். கொண்டை ஊசி வளைவில் வலது பக்கம் திரும்பும்போது அந்தத் தூண் ஒரு த்ரீவீலையே மறைத்துவிடும். சில கார்களில் தூண் தடிப்பு.

ஏ.சி. வேலை செய்யாத காரை "நமக்கு எதற்கு ஏ.சி., இங்கேதான் குளிராச்சே" என்று வாங்குபவர்களை நம் பக்கத்தில் நிறையப் பார்க்கலாம். மலையில் ஏ.சி.யின் பெரிய வேலை குளிர வைப்பதல்ல, கண்ணாடியில் படியும் ஆவியை எடுப்பது. மழையில் நான்கு பேர் மூச்சு விட்டால் லிந்துலை தாண்டுவதற்குள் முன் கண்ணாடி வெள்ளையாகிவிடும். ஏ.சி.யைப் போட்டு, சூட்டையும் கூட்டி, காற்றைக் கண்ணாடிக்குத் திருப்பினால் சீக்கிரம் தெளியும். துணியால் துடைத்துக்கொண்டு ஓட்டும் வயதல்ல இது. பின் கண்ணாடியின் சூடேற்றும் கம்பிகளையும் போட்டுப் பாருங்கள். பம்பரில் பதிவாக இருக்கும் மூடுபனி லைட் இருந்தால் நல்லது. கார் தேடுவதோடு கண் பரிசோதனையையும் முடித்துவிடுங்கள். லைசென்ஸ் புதுப்பிக்கும்போது தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவகத்தின் சான்றிதழ் எப்படியும் வேண்டும். அதற்கு முன்பே கண்ணில் வெள்ளை படர்கிறதா என்று தெரிந்துகொள்வது இரவு ஓட்டத்துக்கு உதவும்.

சரி, கார் பார்க்கப் போகிறீர்கள். 2020 மார்ச்சில் இறக்குமதியை நிறுத்தி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தார்கள். அந்த ஐந்து வருடமும் இருந்த கார்களே கைமாறிக்கொண்டிருந்தன, ஓய்வே இல்லாமல் ஓடின. அதனால் மீட்டரில் இருக்கும் இலக்கத்தை நம்பி விலை பேசாதீர்கள். மீட்டரைக் குறைப்பது இன்று ஒரு மணி நேர வேலை. பிரேக் பெடலின் ரப்பர், ஸ்டியரிங்கின் தோல், டிரைவர் சீட்டின் வெளி ஓரம் இவை மூன்றும் தேய்ந்திருந்து மீட்டர் எழுபதாயிரம் என்று காட்டினால் நம்ப வேண்டாம். உற்பத்தி ஆண்டும் இலங்கையில் பதிவு செய்த ஆண்டும் வேறு வேறு, விளம்பரத்தில் எதைப் போட்டிருக்கிறார்கள் என்று கேளுங்கள்.

காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது போங்கள். ஸ்டார்ட் பண்ணி வைத்துக் காத்திருந்தால் ஏன் என்று கேளுங்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும் போது மட்டும் ரேடியேட்டர் மூடியைத் திறந்து விரலை விட்டுப் பாருங்கள். பச்சையோ சிவப்போ நிறத்தில் கூலண்ட் இருக்க வேண்டும். தேயிலைச் சாயம் மாதிரி செம்பழுப்பாக வந்தால் அந்தக் கார் பல வருடம் ரோட்டோரப் பீலித் தண்ணீரைக் குடித்த கார். நம் டிரைவர்கள் ஏற்றத்தில் சூடானால் பீலியில் பிடித்து ஊற்றுவது வழக்கம். அவசரத்துக்குச் சரி, பழக்கமாகிவிட்டால் உள்ளே துரு பிடித்து, குழாய் அடைத்து, கடைசியில் எஞ்சின் தலைப்பகுதியை அடைத்து வைக்கும் ஹெட் கேஸ்கட் போகும். ஒயில் ஊற்றும் மூடியின் உள்பக்கத்தில் வெண்ணெய் மாதிரி வெள்ளைப் பசை நிறைய இருந்தாலும் ஜாக்கிரதை. குளிர் பிரதேசத்தில் கிட்டத் தூரம் மட்டுமே ஓடும் காரில் கொஞ்சம் ஈரம் படிவது சாதாரணம், வழித்து எடுக்கும் அளவுக்கு இருந்தால்தான் பிரச்சினை.

சாவியைத் திருப்பும்போது எயார்பேக் லைட் எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் பல்பைக் கழற்றியிருக்கலாம், எயார்பேக் ஒரு தடவை வெடித்த காராக இருக்கலாம். டயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் ஒரு சின்ன நீள்வட்டத்துக்குள் இருக்கும். 2319 என்றால் 2019 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரம் செய்த டயர். பூ எவ்வளவு ஆழமாக இருந்தாலும் ஆறேழு வருடமானால் ரப்பர் கல்லாகிவிடும், மழை ரோட்டில் பிடிக்காது.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்த பிறகு இன்னொரு சோதனையும் சேர்ந்துவிட்டது. கம்பளைப் பக்கமும் களனி கங்கை ஓரமும் வெள்ளத்தில் நின்ற கார்கள் கழுவித் துடைத்து விற்பனைக்கு வரும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். வெளியே தெரியும் பகுதியைக் கழுவியிருப்பார்கள், உள்ளே சுருண்டிருக்கும் கடைசி அடியில் சேற்றுக் கோடு அப்படியே இருக்கும். சீட்டைத் தரையோடு பூட்டும் போல்ட்டுகளில் புதுத் துரு, ஸ்பெயார் வீல் குழியின் மூலையில் மணல், ஹெட்லைட்டுக்குள் ஈரம் இவையும் அடையாளம். வெள்ளம் குடித்த கார் உடனே நிற்காது. வயர் முனைகள் உள்ளுக்குள் பச்சை பிடித்து, ஒரு வருடம் கழித்து ஒவ்வொன்றாகச் சாகும். எவ்வளவு மலிவானாலும் விட்டுவிடுங்கள்.

ஓட்டிப் பார்க்கும்போது சமதரையில் ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்தால் போதாது. ஹட்டனிலிருந்து கினிகத்தேனை வரை இறங்கித் திரும்பி ஏறுங்கள். விற்பவர் சம்மதிக்காவிட்டால் அந்தக் காரை வாங்கத் தேவையில்லை. இறங்கும்போது லீவரைக் கீழே போட்டால் எஞ்சின் பிடிக்கிறதா, பிரேக் மிதிக்கும்போது ஸ்டியரிங் நடுங்குகிறதா என்று பாருங்கள். கீழே போனதும் இறங்கி நான்கு சக்கரத்தையும் மோந்து பாருங்கள், ஒன்றில் மட்டும் கருகல் வாசம் வந்தால் அந்த பிரேக் பிடித்துக்கொண்டு நிற்கிறது. ஏறும்போது டெம்பரேச்சர் முள் நடுவைத் தாண்டக் கூடாது. நல்ல செங்குத்தான இடத்தில் நிறுத்தி, ரிவர்ஸ் போட்டு மேல்நோக்கிப் பின்னால் ஏற்றிப் பாருங்கள். சாகப் போகும் சி.வி.டி. முதலில் அங்கேதான் நடுங்கும், அல்லது தயங்கித் தயங்கி ஏறும். கைப்பிரேக்கை மட்டும் போட்டு நியூட்ரலில் விட்டு கார் உருளாமல் நிற்கிறதா என்பதையும் அங்கேயே பார்த்துவிடலாம்.

கார் எந்த மொடல் என்பதைவிட அதைப் பழுது பார்க்கிறவர் எவ்வளவு கிட்ட இருக்கிறார் என்பது உங்கள் வயதில் முக்கியம். முடிவெடுப்பதற்கு முன்பே தலவாக்கலையிலோ ஹட்டனிலோ நீங்கள் வழக்கமாகப் போகும் கராஜ் பாஸிடம் போய், "இந்த வண்டி வந்தால் நீங்களே செய்வீர்களா, கண்டிக்கு அனுப்புவீர்களா?" என்று கேளுங்கள். கண்டிக்கு அனுப்புவேன் என்றால் வேறு கார் பாருங்கள். நான் டொயோட்டாவைச் சொல்வது பெயருக்காக இல்லை. 121 இன் பிரேக் பேட், ஷொக் அப்சோபர், வோட்டர் பம்ப் எல்லாம் ஹட்டனிலேயே கிடைக்கும், இல்லையென்றால் கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து பஸ்ஸில் போட்டுவிடுவார்கள். அந்த எஞ்சினுக்கு டைமிங் பெல்ட் கிடையாது, செயின்தான், காலக்கெடு வைத்து மாற்றும் வேலை இல்லை. உங்கள் டொக்டர் சனியைப் பார்த்த அதே கை இதையும் பார்க்கும். அக்ஸியோ 141 ஓட்டோ என்றால் சி.வி.டி.; அதன் ஒயிலை 40,000 கிலோமீற்றருக்கு ஒரு முறையாவது, கம்பனி சொன்ன வகையிலேயே மாற்றுங்கள். "வாழ்நாள் முழுக்க மாற்ற வேண்டாம்" என்று யாராவது சொன்னால் மலைக்கு அது பொருந்தாது.

பணத்தில் பத்தில் ஒரு பங்கை வாங்கிய உடனே செய்யும் வேலைகளுக்கு ஒதுக்கிவையுங்கள்: டயர், பற்றரி, எல்லா ஒயிலும், பிரேக். ஓய்வூதியத்தில் லீசிங் எடுக்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். கொழும்புப் பயணத்தை நினைத்துப் பெரிய காருக்குப் போவதும் தேவையில்லை, அந்த ஓரிரு பயணத்துக்கு டிரைவர் ஒருவரை அமர்த்திக்கொள்ளலாம்.

பத்திர விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். விற்பவரின் பெயர் பதிவுப் புத்தகத்தில் இருக்க வேண்டும். வேறொருவர் கையெழுத்திட்ட வெற்றுப் படிவங்களோடு, 'ஓபன் பேப்பர்' என்று கைமாறி வரும் காரை வாங்க வேண்டாம். புத்தகத்தில் லீசிங் கம்பனியின் பெயர் இருந்தால் கடன் தீர்த்து, பெயரை நீக்கிய பிறகே பணம் கொடுங்கள். செஸி இலக்கத்தைப் புத்தகத்தோடு நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள்.

கார் வந்த பிறகு உடனே டவுனுக்குப் போக வேண்டாம். இத்தனை வருடம் மெனுவல் ஓட்டிய காலுக்கு ஒரு பழக்கம் இருக்கிறது: நிறுத்த நினைத்ததும் இடது கால் தானாகக் கிளச்சைத் தேடும். ஓட்டோவில் அங்கே இருப்பது அகலமான பிரேக் பெடல். அதைக் கிளச் மாதிரி அடித்து மிதித்தால் கார் நடுரோட்டில் நிற்கும், பின்னால் வருபவர் மோதுவார். அதைவிடப் பயங்கரம், பதற்றத்தில் பிரேக் என்று நினைத்து எக்ஸிலேட்டரை மிதிப்பது. பாடசாலை மைதானத்தில் சில நாள் காலையில் பழகுங்கள். இடது காலைப் பின்னால் இழுத்து சீட்டோடு ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு பெடலுக்கும் வலது கால் மட்டும். சரிவில் நிறுத்தும்போது முதலில் கால் பிரேக், பிறகு கைப்பிரேக், அதன் பிறகு பார்க்கிங்குக்கான பி (P). நேரே பி-யில் போட்டால் காரின் பாரமெல்லாம் கியர் பெட்டிக்குள் இருக்கும் ஒரு சின்னப் பல்லில் தொங்கும். எடுக்கும்போது 'டக்' என்று கேட்பது அதுதான்.

டொக்டர் சனியைப் புதுக் கார் கைக்கு வந்து ஒரு மாதம் ஓடும்வரை விற்காமல் வைத்திருங்கள். விற்கும்போது உரிமை மாற்றப் படிவங்களில் வாங்குபவரின் விவரங்களை நிரப்பி, அடையாள அட்டைப் பிரதியும் வாங்கி, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு உங்கள் பக்க அறிவித்தலை நீங்களே அனுப்பிவிடுங்கள். இல்லாவிட்டால் யாரோ ஓட்டும் காரின் வழக்குக்குப் பொலிஸ் உங்கள் வீட்டு வாசலுக்குத்தான் வரும். பழைய காரை நன்றாக வைத்திருந்த ஆள் நீங்கள் என்பது கேள்வியிலிருந்தே தெரிகிறது. கண்ட விலைக்குக் கொடுக்காதீர்கள், எஃப்.பி. 13 ஐத் தேடி வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.